பஞ்சு மாற்றிய வியாழக்கிழமை

லிஃப்ட் மெக்கானிக் தன் மகளின் முகம் பார்த்துக் கடைசியாகச் சொன்னது இதுதான்: "வாசல தாண்டினா உன் மீனையெல்லாம் சாக்கடையில கொட்டிடுவேன்." படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேறு ஊரில் வேலைக்குப் போகிறேன் என்று அவள் பெட்டி கட்டிய நாள் அது. அவள் வாசலைத் தாண்டினாள். அவர் கொட்டவில்லை.

கூடத்துச் சுவரோரம் இருந்த கண்ணாடித் தொட்டியில் ஐந்து தங்கமீன்கள். மூத்தது மகள் ஏழாவது படிக்கும்போது வாங்கியது. வயிறு பெருத்து மஞ்சளும் சிவப்புமாக இருந்ததால் அதன் பெயர் பூசணி. போகும்முன் மகள் ஒரு தாளில் எழுதித் தொட்டியில் ஒட்டியிருந்தாள். ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை தீனி. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்ற வேண்டும். ஃபில்டர் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும். அம்மாவுக்காக எழுதியது அது. அம்மாவுக்கோ மீன் வாடையே ஆகாது. அதனால் தாளைப் படித்தது அவர்தான்.

இரண்டு வருடம் அதில் எழுதியிருந்தபடியே செய்தார். ஞாயிறு காலையில் வாளியில் தொட்டித் தண்ணீரை மொண்டு, பஞ்சைப் பிழிந்து பிழிந்து அலசுவார்.

"நான் நாலு தடவ கூப்பிட்டாலும் காதுல விழாது. மீன் வாயைத் திறந்தா மட்டும் ஓடுறீங்க" என்பாள் மனைவி.

"அது பதில் பேசாதுல்ல" என்பார் அவர்.

மகள் அம்மாவிடம் மட்டும்தான் போனில் பேசுவாள். ஒரு புதன்கிழமை, தனியாக வீடு எடுத்திருப்பதாகவும், ஞாயிறன்று வந்து மீன்களை எடுத்துப்போவதாகவும் சொன்னாள். "அப்பாகிட்ட சொல்லிடும்மா" என்றாளாம். அந்த ஒரு வரியை அவர் மனைவியிடம் இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை லீவு போட்டார். ஃபில்டரைத் திறந்தால் பஞ்சு ஓரம் கிழிந்து நைந்திருந்தது. அடியிலிருந்த பீங்கான் வளையங்கள் பழுப்பேறி வழுவழுவென்று இருந்தன. தேய்ந்த பாகத்தை இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்று விட்டால் ஆளையே கொன்றுவிடும் என்பது அவருடைய முப்பது வருடத் தொழில் சொன்ன பாடம். மாற்றினால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிட வேண்டும். புதுப் பஞ்சு, புது வளையங்கள் வாங்கி வந்தார். ஃபில்டர் பெட்டியைக் குழாயடியில் வைத்து பிரஷ் போட்டுத் தேய்த்தார். பழையதைக் குப்பையில் போட்டார். சாயங்காலம் தொட்டி பளிங்குபோல் இருந்தது. வாடை ஆகாத மனைவிகூடப் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

சனிக்கிழமை மீன்கள் தீனியைத் தொடவில்லை. ஞாயிறு காலையில் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள்கள் சிவந்திருந்தன. ஒரு சின்ன மீன் செத்துப் பக்கவாட்டில் மிதந்தது. அவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போதே, தெர்மாகோல் பெட்டியும் கையுமாக மகள் உள்ளே வந்தாள்.

"பஞ்ச மாத்தினீங்களா?"

"நைஞ்சு போயிருந்துச்சு பாப்பா."

"வளையம்?"

"அதையுந்தான்."

அவள் தோளிலிருந்த பையைக்கூட இறக்கவில்லை. "அந்த அழுக்குலதான்ப்பா நல்ல கிருமி இருக்கும். மீனோட கழிவ அதுதான் விஷமாகாம பாத்துக்கும். பாதிய மாத்தி, ஒரு மாசம் விட்டு மீதிய மாத்தணும். ஒரேடியா மாத்தினா தண்ணியே விஷம்."

தாளில் அப்படி எழுதவில்லையே என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"பழசு எங்க?"

அவர் செருப்புகூடப் போடாமல் தெருமுனைக்கு ஓடினார். குப்பைத் தொட்டி காலியாக இருந்தது. அங்கிருந்து அப்படியே மீன் கடைக்குப் போனார். "புதுசு வேணாம். உங்க தொட்டியில ஓடுற பழைய பஞ்சு இருந்தா கொடுங்க" என்று கேட்டார். கடைக்காரர் அவருடைய வெறுங்காலைப் பார்த்துவிட்டு, ஒரு பஞ்சை உருவி, தண்ணீரோடு பையில் போட்டுக் கொடுத்தார்.

அவர் திரும்பி வந்தபோது, டிரம்மில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை மகள் தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள். பழைய பஞ்சை ஃபில்டருக்குள் வைத்தார்கள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு போய்விட்டன. மூன்று மணிக்குப் பூசணி தலைகீழாகச் சாய்ந்தது. அவள் தண்ணீருக்குள் கையை விட்டு அதைத் தாங்கிக்கொண்டாள். செவுள் அசைவது நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.

"சாக்கடையில கொட்டிடுவேன்னு சொன்னீங்கல்ல. அப்பவே கொட்டியிருக்கலாம்" என்றாள்.

"வாய அடக்கு பாப்பா!" அடுப்படியிலிருந்து மனைவி வந்தாள். "ரெண்டு வருஷமா ஒரு ஞாயித்துக்கிழம எங்கயும் போகல இந்த மனுஷன். எந்தம்பி கல்யாணத்துக்குக்கூட என்னைத் தனியாத்தான் அனுப்பினாரு."

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணும்னு செய்யலன்னு தெரியுதுப்பா. ஆனா இப்ப என்னால பேச முடியல."

சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினாள். பிழைத்த ஒரு மீனை இந்த நிலைமையில் தூக்கிப்போனால் வழியிலேயே செத்துவிடும் என்று அதை விட்டுவிட்டாள். தெர்மாகோல் பெட்டியையும் எடுத்துக்கொள்ளவில்லை.

"எப்ப வந்து எடுத்துக்குவ?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"பாக்கலாம்ப்பா."

அவர் தினமும் டிரம் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார். பத்தாம் நாள் அந்த மீன் மேலே வந்து ஒரு தீனியைக் கவ்வியது. மனைவியின் போனை வாங்கி மகளைக் கூப்பிட்டார்.

"சாப்பிட்டுடுச்சு பாப்பா."

"சரிப்பா."

அவளுக்குப் பின்னால் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது. அது தேய்ந்து மறையும்வரை கேட்டுவிட்டு, "வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

"ம்" என்றாள்.