உபவாச ஞாயிற்றுக் குளிசை

அற்புதமலர் அந்த மருந்துக் குளிசையைக் கைலேஞ்சித் துணியில் முடிந்துகொண்டுதான் சபைக் கூட்டத்துக்கு வந்திருந்தாள். மாதத்தின் முதல் ஞாயிறு மோர்மோன் சபைக்கு உபவாச நாள். சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. திருவிருந்தின்போது ஒரு துணுக்கு அப்பமும் சின்னக் கோப்பையில் தருகிற ஒரு மடக்குத் தண்ணீரும் மட்டும்தான். டொக்டரோ ஒரு காலையும் தவறாமல் குளிசை போடச் சொல்லியிருந்தார். வெறும் வாயில் விழுங்கிப் பார்த்தாள், தொண்டையில் ஒட்டிக்கொண்டது. உபவாசமும் முறியாமல் மருந்தும் தவறாமல் இருக்க அவளுக்கு ஒரு வழி தோன்றியது. அப்படி ஒரு வழி வேறு எந்த மனுஷிக்கும் தோன்றியிராது.

திருவிருந்துத் தண்ணீர்த் தட்டு அவளிடம் வந்தது. தலையைக் குனிந்து குளிசையை நாக்கில் வைத்தாள். கிறிஸ்துவை நினைத்துக் குடிக்க வேண்டிய தண்ணீரை டிப்ரெஸ்யோன் என்கிற மனச்சோர்வுக்கான மருந்துக்கு ஊற்றி விழுங்கினாள். வெட்கத்தில் காது மடல்வரை சுட்டது. நிமிர்ந்தபோது பக்கத்திலிருந்த கோசலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாரிசில் ரூ காய் என்ற தெருவில் ஒரு சேலைக்கடையில் அற்புதமலருக்கு வேலை. போன பனிக்காலம் கட்டிலை விட்டு எழும்பமுடியாமல் அவள் கிடந்தபோது, சமைத்துக் கொண்டுவந்து ஊட்டாத குறையாகப் பார்த்தது இந்தச் சபைச் சனம்தான். இவர்களை விட்டால் அங்கே அவளுக்கு ஆள் இல்லை. சபைத் தலைவர் ஞானரட்ணமும் வந்தார். சம்பளம் வாங்காத தலைவர். கிழமை நாட்களில் ரூ பெர்தொனேத் தெருவில் முருங்கைக்காய் விற்பவர். மருந்துப் பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"தங்கச்சி, இது விசுவாசம் இல்லாதவைக்கு. எறிஞ்சு போடு. உனக்காக நாங்கள் எல்லாரும் உபவாசம் இருப்பம்."

இருந்தார்கள். அவளும் எறிந்தாள். சில கிழமை கழித்து லா ஷப்பல் மெத்ரோ ரயில் மேடையின் விளிம்பில், அங்கே எப்படி வந்தோம் என்று தெரியாமல் நின்றாள். பயந்துபோய் அன்றே டொக்டரிடம் ஓடி, மறுபடி குளிசை தொடங்கினாள். அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. இன்று அவள் சுகமான கதையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று தலைவர் கேட்டிருந்தார்.

நேரம் வந்ததும் எழுந்து மைக்குக்குப் போனாள். பட்டினியில் வாடிய முகங்கள் எல்லாம் அவளையே பார்த்துச் சிரித்தன.

"நான் சுகமாயிட்டன்," என்றாள். "உங்கடை உபவாசத்தாலை."

ஆமென் என்றது சபை. ஞானரட்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனுஷனின் கண்ணீர் பொய்யில்லை. அதுதான் அவளை இன்னும் கொன்றது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். மடியில் கைக்குழந்தையோடு கோசலை காதருகே குனிந்தாள்.

"அக்கா, இன்னொண்டு இருக்கோ?"

"என்னது?"

"குளிசை. உங்களைக் காட்டித்தான் தலைவர் என்ரையையும் எறியச் சொன்னவர். பிள்ளை அழுதாலும் எனக்குத் தூக்க மனம் வருதில்லை அக்கா."

 தன்னைப் பற்றிய பொய் தன்னோடு போகும் என்றல்லவா அற்புதமலர் நினைத்திருந்தாள். குழந்தையைப் பார்த்தாள். அது தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. முடிவு ஜெபத்துக்கு எழுந்த ஞானரட்ணத்தை முந்திக்கொண்டு மறுபடி மைக்கைப் பிடித்தாள்.

"நான் பொய் சொன்னனான். எனக்குச் சுகமில்லை. இப்ப, இந்தத் திருவிருந்துத் தண்ணியிலைதான் குளிசை போட்டனான்."

 சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு ஓடிவிடலாம் போல அவளுக்கு இருந்தது. ஓடவில்லை.

"தலைவர் அண்ணை, கோசலையின்ரை மருந்தை எறியச் சொன்னது கடவுளோ, நீங்களோ?"

"நான் நல்லதுக்குத்தான் தங்கச்சி..."

"ஆர் சொன்னது?"

அவர் கோசலையின் பக்கம் திரும்பினார்.

"நான்தான்," என்றார்.

வென்ற சந்தோஷம் ஒன்றும் அவளுக்கு வரவில்லை. தனக்காகப் பசித்திருந்த சனத்தின் முன்னால் துணியில்லாமல் நிற்பது போலக் கூசியது. இறங்கி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"எழும்பு. இண்டைக்கே ஆசுப்பத்திரிக்குப் போவம்."

"இனி எங்களைச் சபைக்குள்ளை விடுவினமோ அக்கா?"

"தெரியாது," என்றாள் அற்புதமலர். "வெளியிலை குளிர், கோட்டைப் போடு."