வெள்ளைக்கல்லுக்கு ஒரு துப்பாக்கி

எங்கள் மலைநாட்டில் பெண் எடுக்கப் போகிறவன் முதலில் ஒரு கல்லை அடிக்க வேண்டும். பெண் வீட்டார் எதிர்மேட்டில் சுண்ணாம்பு பூசிய கல்லை நிறுத்துவார்கள். அதைச் சுட்டு வீழ்த்தும்வரை மாப்பிள்ளை வீட்டாருக்குச் சோறு கிடையாது. முதல் குண்டு மாப்பிள்ளையுடையது. நானோ சனா பட்டணத்தில் ரொட்டி அடுப்படியில் வளர்ந்தவன். துப்பாக்கியைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

எனக்குப் பேசியிருந்த பெண் தக்கியாவின் ஊர்க்காரர்கள் என் காதுபடவே சிரித்தார்கள். "மாவு பிசையற கைக்கு எங்க பொண்ணு கேக்குதா?" அந்த ரோஷத்தில்தான் ஆயுதச் சந்தைக்குப் போனேன்.

புதுத் துப்பாக்கி வாங்கக் கையில் வசதியில்லை. பழசு விற்ற ஒருவன் என் முழியைப் பார்த்ததுமே கூப்பிட்டுவிட்டான். கன்னம் நிறைய, போதைக்கு மெல்லும் காத் இலை. வலது காதில் மேல் பாதி இல்லை.

"காதைப் பாக்குறியா? மொதப் பொண்டாட்டி கடிச்சது. துப்பாக்கியைப் பாரு மாப்ளே! நல்லாப் பழகுன துப்பாக்கி. நீ சும்மா நீட்டுனா போதும், குண்டுக்கு வழி தெரியும்."

மரக்கட்டையில் வெள்ளிப் பூண்கள் இருந்தன. ஒரு பூண் மட்டும் உதிர்ந்து, அந்த இடத்தில் செப்புக்கம்பி சுற்றியிருந்தது. எனக்குப் பிடித்துப்போயிற்று.

பழைய துப்பாக்கி கைமாறும்போது சந்தையின் ஜாமீன்காரர் முன்னால் நின்று, "இதில் யார் ரத்தமும் இல்லை" என்று விற்பவன் சொல்ல வேண்டும். ஜாமீன்காரர் தொழுகைக்குப் போயிருந்தார். "என் வார்த்தை போதாதா?" என்றான் அவன். காத்திருந்தால் பட்டணத்துப் பயந்தாங்கொள்ளி என்பார்களே என்று தலையாட்டினேன். சுட்டுப் பார்க்கும் மேட்டுக்கும் போகவில்லை. அங்கேயும் சிரிப்பார்கள். வெட்கம் என்னைக் கெடுத்தது.

சந்தையின் மறுகோடிக்கு வருவதற்குள் ஒரு கை என் தோளிலிருந்த துப்பாக்கியைப் பிடித்தது. நரைத்த தாடி, நெட்டையான ஆள். செப்புக்கம்பியை விரலால் தடவினார்.

"இந்தக் கம்பிய நான்தான் சுத்துனேன்" என்றார். "என் தம்பி செத்து விழுந்தப்ப இது அவன் தோள்ல கெடந்துச்சு. கொன்னவன் கழட்டிக்கிட்டுப் போயிட்டான். ஒவ்வொரு சந்தைக்கும் வந்து இதைத்தான் தேடுறேன்."

"அண்ணே, இப்பத்தான் வாங்குனேன்!"

திரும்பிப் பார்த்தேன். காது அறுந்தவன் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டிருந்தான்.

"ஜாமீன் யாரு?"

"யாருமில்லண்ணே."

"ஜாமீன் இல்லாம எவனாவது பழைய துப்பாக்கி வாங்குவானா? யாருகிட்டக் கதை விடுற?"

அவர் பெயர் தைஃபுல்லா என்று பக்கத்துக் கடைக்காரன் கிசுகிசுத்தான். சந்தை எல்லைக்குள் யாரும் யார்மேலும் கை வைக்க மாட்டார்கள். அது எங்கள் வழக்கம். தைஃபுல்லா எல்லைக்கல்லைத் தாண்டிப் போய் அமைதியாக உட்கார்ந்து, தன் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டார். நான் ஊருக்குப் போக அந்தக் கல்லைத் தாண்டும் பாதை ஒன்றுதான்.

கடைகளைக் கட்ட ஆரம்பித்தார்கள். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. சந்தை கலைந்தால் காவலும் கலைந்துவிடும். அப்படிப் பயந்ததே இல்லை. கடைசியில் எல்லைக்கல் அருகே போய்த் துப்பாக்கியைத் தரையில் வைத்தேன்.

"அண்ணே, எனக்குச் சுடவே தெரியாது. நம்புங்க."

"வாயால சொல்லாத. சுட்டுக் காட்டு."

சுட்டுப் பார்க்கும் மேட்டில் ஒரு வெள்ளைக்கல் நின்றது. ஒரு வெள்ளைக்கல்லை அடிப்பதாக எத்தனை இரவு கனவு கண்டிருக்கிறேன்! இப்போது குண்டு பட்டால் செத்தேன். வேண்டுமென்றே தவறவிட்டால் அவருக்குத் தெரிந்துவிடும், அப்போதும் செத்தேன். ஆகவே மனதாரக் குறிபார்த்தேன். விசையை இழுத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அவர் எட்டிப் பக்கவாட்டுப் பூட்டைத் தள்ளிவிட்டார். "இப்ப சுடு."

கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தேன். கட்டை தாடையில் இடித்து, வாயில் ரத்தத்தோடு தரையில் உட்கார்ந்தேன். கல் அப்படியே நின்றது.

"என் தம்பிய அதுக்கு ரெண்டு மடங்கு தூரத்துலருந்து ஒரே குண்டுல சாய்ச்சான்" என்றார் தைஃபுல்லா. "கண்ணைத் தொறந்துக்கிட்டுச் சாய்ச்சான். நீ இல்லடா அது."

நான் வாய்விட்டு அழுதேன். அவரே தண்ணீர் கொடுத்தார். விற்றவன் எப்படி இருந்தான் என்று கேட்டார். உயிர் பிழைத்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன்: காத் இலை, பாதிக் காது, பொண்டாட்டி கடித்த கதை. அதோடு நின்றேனா? அவர் கையை முத்தமிட்டு, "வியாழக்கிழமை என் கல்யாணம், நீங்க கண்டிப்பா வரணும்" என்றேன்.

"வரேன். மாப்ள வெறுங்கையோட நிக்கலாமா? அன்னிக்கு ஒருநாள் நீ இதுலயே சுடு." தம்பியின் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை தக்கியாவின் ஊர்முகப்பில் என் ஆட்களோடு காத்து நின்றேன். மேட்டில் கல்லை நிறுத்திவிட்டு ஒருவர் இறங்கி வந்தார். தக்கியாவின் தாய்மாமன், ஊர் ஊராகச் சுற்றுகிறவர், கல்யாணத்துக்கென்றே அன்று காலை வந்தாராம். வியர்வை துடைக்கத் தலைத்துணியை அவிழ்த்தார். வலது காதில் மேல் பாதி இல்லை.

என்னைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அட, நம்ம ஆளு! நீதானா மாப்ள? எங்க, நான் குடுத்த துப்பாக்கி?"

கீழே மலைவளைவில் ஒரு வண்டி ஏறிவந்தது. முன்னிருக்கையில் நரைத்த தாடி தெரிந்தது. சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த துப்பாக்கியில் செப்புக்கம்பி மின்னியது. என் கல்யாண வாசலில், நானே அடையாளம் சொன்ன காதுக்காரரை நோக்கி, நானே அழைத்த ஆள் வந்துகொண்டிருந்தார்.

"உன் விருந்தாளியா?" என்றார் மாமா. "நீ நில்லு மாப்ள, எதிர்கொண்டு கூட்டியாரது எங்க பொறுப்பு."

தடுக்க வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அவர் தலைத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறுந்தலையோடு பாதையில் இறங்கிப் போனார்.