பனி வண்டியும் உப்புச் சேறும்

செல்லக்கண்ணுவின் வீட்டு முற்றத்தில் பன்னிரண்டு வருடமாக ஒரு பனி வண்டி நின்றது. ரங்கூனில் பனியைக் கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன வண்டி அது. பனியில் புதையாமல் ஓடுவதற்கென்று செய்தது சேற்றிலும் புதையாது என்று இந்தப் பக்கம் இறக்கியிருந்தார்கள். சக்கரத்துக்குப் பதிலாக இருபுறமும் தகடு கோத்த அகலப் பட்டைகள். திருப்புவதற்கு ஸ்டீயரிங் கிடையாது, இரண்டு கைப்பிடிகள் மட்டும்.

லாரி மெக்கானிக்கான அவர், ஒரு மர ஆலையின் இரும்புக் குவியலில் அதைக் கண்டு, உடைக்கப் போகிறவர்களிடம் கெஞ்சி வாங்கி, ரங்கூன் புறநகர் லைங் தாயாவிலிருந்த தன் வீட்டுக்கு இழுத்து வந்தார். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதற்கே போயின. எட்டு வருடம் பாடுபட்ட பிறகு என்ஜின் உறுமியது. ஆனால் வண்டி நகரவில்லை. பட்டைகளைத் தாங்கும் ரப்பர் வார்கள் இற்றுப்போயிருந்தன. அவற்றுக்கு மாற்று உலகத்தில் எங்கும் கிடைப்பதாகத் தெரியவில்லை. மனைவி தங்கமணி அதன்மேல் துணி உலர்த்தினாள்.

2008 மே மாதம், புயல் ஓய்ந்த சனிக்கிழமை காலையில், அவர்கள் வீட்டுக் கூரைத் தகரம் பாதியைக் காணோம். தெருவெல்லாம் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, போன் இல்லை. ஊரே தன் தன் கூரையைத் தேடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை துவாந்தேயிலிருந்து வந்த ஒரு லாரி டிரைவர்தான் சொன்னார்: குஞ்சாங்கோனுக்குத் தெற்கே, கடலோரத்தில் கிராமங்களே இல்லை, கடல் உள்ளே வந்து திரும்பிப் போயிருக்கிறது.

அங்கேதான் அவர்களுடைய ஒரே மகள் விஜயகுமாரி இருந்தாள். அந்தப் பக்கம் நெல் விவசாயம் செய்யும் குடும்பத்துக் கார்த்திகேசனுக்குக் கட்டிக் கொடுத்து ஒன்றரை வருடம். ஐந்து மாதக் கர்ப்பம்.

செல்லக்கண்ணு உடனே கிளம்பப் பார்த்தார். கால்நடையாகப் போனவர்கள் இடுப்பளவு சேற்றில் சிக்கித் திரும்பிவிட்டார்கள் என்றார் டிரைவர். படகுகள் நொறுங்கிப்போய் மரக்கிளைகளில் தொங்குகின்றனவாம். செல்லக்கண்ணு முற்றத்தில் போய் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். தங்கமணி வண்டியின் மேல் கிடந்த ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"இத்தனை வருசம் இதைக் கட்டிக்கிட்டு அழுதீங்கல்ல," என்றாள். "இப்ப ஓட்டுங்க."

நகரத்துக் கடைவீதியான பபேடானில் மெஷின் சாமான் கடை வைத்திருந்த உதுமான், செல்லக்கண்ணுவின் முப்பது வருட சிநேகிதர். விழுந்த மரங்களைத் தாண்டி நடந்தே போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னார் செல்லக்கண்ணு. உதுமான் கடையைப் பூட்டிவிட்டு, கிடங்கில் கிடந்த ரைஸ் மில் பெல்ட்டுகளை ஒரு கைவண்டியில் ஏற்றிக்கொண்டு கூடவே வந்தார். கித்தானும் ரப்பரும் சேர்த்து அழுத்திய தடித்த பெல்ட்டுகள். அவற்றை நீளவாக்கில் வகிர்ந்து வாராக்கி, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஐம்பதுக்கு மேற்பட்ட இரும்புத் தகடுகளை போல்ட் போட்டு முடுக்க வேண்டும். துளையிட கரண்ட் இல்லை. தங்கமணி கரி அடுப்பை முற்றத்துக்கு இழுத்துவந்து, கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பெல்ட்டில் ஒவ்வொரு ஓட்டையாகச் சுட்டெடுத்தாள். ரப்பர் புகையில் அவள் கண் இரண்டும் வீங்கிப்போயின. ஒருமுறை போல்ட் மரை அழிந்துபோனபோது செல்லக்கண்ணு ஸ்பேனரைத் தூக்கி எறிந்துவிட்டுத் தேம்பி அழுதார். உதுமான் போய் அதைப் பொறுக்கி வந்து அவர் கையில் கொடுத்தார்.

புதன்கிழமை மத்தியானம் வண்டி முற்றத்து வேலியை உடைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தது.

வியாழக்கிழமை ஒரு நெல் லாரியில் அதை ஏற்றி, துவாந்தே தாண்டி, சாலை அறுந்துபோன இடம்வரை கொண்டுபோய் இறக்கினார்கள். வழியில் மறித்த சிப்பாய்களிடம் உதுமான், இது உழவு இயந்திரம் என்று பர்மியில் அடித்துச் சொன்னார். தன் கடை ஜெனரேட்டருக்கு வைத்திருந்த பெட்ரோல் நான்கு டின்னையும் அவர் கொண்டுவந்திருந்தார்.

வண்டி சேற்றில் இறங்கியது. அமிழவில்லை. பன்னிரண்டு வருடமாக இந்த நிமிஷத்தை எப்படியெல்லாமோ நினைத்துப் பார்த்திருந்த செல்லக்கண்ணுவுக்கு அப்போது மனத்தில் ஒன்றுமே எழவில்லை. வயல்களில் உப்புத் தண்ணீர் நின்றது. உப்பிப்போன எருமைகளையும், எருமைகள் அல்லாதவற்றையும் சுற்றிச் சுற்றி ஓட்டினார்.

இரண்டு மணி நேரம் போனதும் ஒரு மேட்டுக் கரையில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டு எழுந்து கை நீட்டினார்கள். அவர்களில் ஒருவர், ‘சயா’ என்று மரியாதையாக அழைத்து, தன் மனைவியை மட்டுமாவது ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கும்பிட்டார். அந்தப் பெண்ணின் முழங்காலுக்குக் கீழே தகரம் கிழித்திருந்தது. துணியால் சுற்றியிருந்தார்கள். அவள் வண்டியையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

திரும்பி வரும்போது ஏற்றிக்கொள்கிறேன் என்றார் செல்லக்கண்ணு.

"அண்ணே, அந்தக் காலைப் பாத்தீங்களா?" உதுமான் தமிழில் தணிந்த குரலில் சொன்னார். "அழுகிருச்சு. இப்பவே டவுனுக்குக் கொண்டுபோனாத்தான்."

"என் பொண்ணு அங்க கிடக்குறா, பாய்."

"தெரியும்ண்ணே."

"தெரிஞ்சா பேசாம வாங்க."

கைப்பிடிகளைத் தள்ளினார். கரையிலிருந்தவர்கள் கொஞ்ச தூரம் பின்னாலேயே சேற்றில் வந்தார்கள். பிறகு வரவில்லை.

மருமகனின் ஊர் இருந்த இடம் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தலை முறிந்த தென்னைகளும், வீட்டுக் கால்கள் நட்ட குழிகளும்தான் இருந்தன. மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். ஒரு தென்னை அடியிலிருந்து ஒரு கிழவர் எழுந்து வந்து, கார்த்திகேசன் அலையில் போனதைத் தான் பார்த்ததாகச் சொன்னார். விஜயகுமாரியைப் பார்க்கவில்லை. சிலர் வடக்கே நடந்தார்கள், சிலரைக் கடல் கொண்டுபோயிற்று என்றார்.

செல்லக்கண்ணு கடலை நோக்கி வண்டியைத் திருப்பினார். உதுமான் கையை எட்டி என்ஜினை நிறுத்தினார். திரும்பிப் போக மட்டும்தான் பெட்ரோல் இருக்கிறது என்றார். செல்லக்கண்ணு அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார். உன் பிள்ளையாக இருந்தால் இப்படிச் சொல்வாயா என்று கேட்டார். அதைவிடக் கேவலமாகவும் ஏதேதோ சொன்னார். உதுமான் தடுக்கவில்லை. கடைசியில் செல்லக்கண்ணுவே கையை எடுத்துக்கொண்டு, கிழவரைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தார்.

மேட்டுக் கரைக்கு வந்தபோது ஐந்து பேர் எழுந்து நின்றார்கள். அந்த மனிதர் மட்டும் எழவில்லை. தன் இடுப்பு லோஞ்சியை அவிழ்த்து மனைவியின் முகத்தை மூடியிருந்தார். செல்லக்கண்ணு வண்டியிலிருந்த மண்வெட்டியை எடுத்துக் கரையில் குழி வெட்டினார். உதுமான் வாங்க வந்தபோது கொடுக்க மறுத்துவிட்டார்.

குஞ்சாங்கோன் டவுனில் அவர்களை இறக்கியபோது, பொங்கி மடத்துப் புத்த சாமியார்கள் எங்கிருந்தோ பெட்ரோல் தேடிக் கொடுத்தார்கள். அதன்பிறகு எட்டு நாள் அந்த வண்டி ஓடியது. தினமும் மகளைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டுதான் போவார். ஆனால் எந்தக் கரையில் யார் கை நீட்டினாலும் நின்றார். அரிசி கொண்டுபோனார், ஆட்களைக் கொண்டுவந்தார். ஏழாம் நாள், தன் ஊரைத் தேடி டவுனிலிருந்து ஏறிய ஒரு சிறுமி, டவுன் பள்ளிக்கூடத்தில் கை ஒடிந்த இந்தியக்காரப் பெண் ஒருத்தி, தூக்கத்தில் யாருக்கும் புரியாத பாஷையில் பேசுகிறாள் என்றாள்.

விஜயகுமாரி அங்கே தரையில் படுத்திருந்தாள். தினமும் அந்தப் பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் அவர் வண்டியை ஓட்டிப் போயிருந்தார். அப்பா என்று அவள் சொல்ல, செல்லக்கண்ணு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். வயிற்றுப் பிள்ளை தங்கியிருந்தது.

மறுநாள் இடதுபக்கப் பெல்ட் அறுந்தது. சேர்க்க இனி ஒன்றுமில்லை. வண்டியை வயல் நடுவில் அப்படியே விட்டுவிட்டு மகளோடு ரங்கூன் திரும்பினார்கள்.

செப்டம்பரில் பேரன் பிறந்தான். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கத் தொடங்கியது. செல்லக்கண்ணு மட்டும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கையைப் பிசைந்தபடி உட்கார்ந்திருப்பார். புயலின் பயம் இன்னும் விடவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒருநாள் மத்தியானம், மகளும் குழந்தையும் தூங்கும்போது, மேட்டுக் கரையில் நடந்ததை தங்கமணியிடம் சொன்னார். உதுமான் இதுநாள்வரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று அவர் காத்திருந்தார்.

"அவ பேரு என்னன்னு கேட்டீங்களா?"

"கேக்கலை."

"புருசன் பேரு?"

அவர் இல்லை என்று தலையை அசைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்லக்கண்ணு குஞ்சாங்கோன் பஸ்ஸில் ஏறினார். தங்கமணி ஒரு பையில் அரிசியும் வறுத்த கருவாடும் கட்டிக் கொடுத்திருந்தாள். அந்த மனிதர் எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது, என்ன சொல்லிப் பேச்சைத் தொடங்குவது என்றும் தெரியாது. பொங்கி மடத்தில் விசாரித்தால் தெரியும் என்று கண்டக்டர் சொன்னார். செல்லக்கண்ணு மடியில் பையை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.