ஊற்றாத பால்

மருதாயி ஓடிப்போய் அழகியின் கையிலிருந்த வாளியைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கிட்டு ஊத்தாத ஆத்தா. சத்தம் அவுகளுக்குக் கேக்கும்."

அடுத்த வீட்டு அழகி பாத்திரம் கழுவ உட்கார்ந்தவள். "தண்ணி ஊத்துறதுக்குக்கூட ஒங்கிட்ட உத்தரவு வாங்கணுமாக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வாளியை அங்கிட்டு நகர்த்தினாள்.

வீட்டுக்குள் மருதாயியின் புருசன் பிச்சை தாகத்தோடு கிடந்தான். தண்ணீர்ச் சத்தம் காதில் விழுந்தாலே போதும், தொண்டை இறுகி, கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, கயிற்றுக் கட்டிலோடு அவனைத் தூக்கிப் போட்டது.

நேற்று வண்டி கட்டி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டாக்டர் ஒரு தம்ளர் தண்ணீரைக் காட்டிப் பார்த்துவிட்டு, "நாய் கடிச்சுதாம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றாள் மருதாயி. கடிக்கத்தான் இல்லையே! கார்த்திகையில் அவர்கள் வீட்டுச் செவலை நாய் வாயை மூட மாட்டாமல் எச்சில் ஒழுக நின்றது. சோறு இறங்கவில்லை. தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று பிச்சைதான் அதை மடியில் சாய்த்து விரலை விட்டுத் துழாவினான். எலும்பு அகப்படவில்லை. பல் உரசி நடுவிரலில் ஒரு கீறல் விழுந்தது. சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு கடலை பிடுங்கப் போய்விட்டான். நாய் செத்த பிறகும், "அந்த எலும்பை எடுக்க முடியாமப் போச்சே" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தான்.

அவள் சொன்னதையெல்லாம் கேட்ட டாக்டர் தம்ளரை மூடி வைத்தார்.

"எலும்பு இல்லம்மா. வெறி புடிச்ச நாய்க்குத் தொண்டை அப்படித்தான் இழுத்துக்கும். அந்த எச்சில்ல வைரஸ்னு ஒரு கிருமி, கண்ணுக்குத் தெரியாது. கீறல் வழியா உள்ள போயி, நரம்பைப் புடிச்சுக்கிட்டு மெல்ல மூளைக்கு ஏறும். ஏறுற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. அன்னைக்கே வந்திருந்தா தொப்புளைச் சுத்தி ஊசி போட்டுத் தடுத்திருக்கலாம். இப்ப..."

வீட்டுக்கே கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்.

வண்டியில் திரும்புகிற வழியெல்லாம் அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். கீறல் ஆறி, தடம்கூட இல்லை. மார்கழியில் வைக்கோல் கட்டுச் சுமந்தானே, அப்போது அது மணிக்கட்டுக்கு வந்திருக்குமா? கீரமங்கலம் சந்தையில் வளையல் வாங்கிவந்து பொங்கலன்று அவனே மாட்டிவிட்டானே, அப்போது முழங்கையைத் தாண்டியிருக்குமா? அந்தக் கையைத் தலைக்கு வைத்துத்தான் அவள் தூங்கினாள். அவள் காதுக்கு அடியிலேயே ஒன்று நடந்து போயிருக்கிறது.

இன்று காலையில் அவனுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்தது.

"என்னடி, தண்ணியெ எங்கிட்டு ஒளிச்சு வச்சிருக்க?" என்று சிரிக்கப் பார்த்தான்.

"கொளத்துலயே விட்டுட்டு வந்துட்டேன்."

"நல்ல பொண்டாட்டி! தாகம் கொல்லுது மருதாயி. ஆனா ஊத்திராத. தொண்டைக்குள்ள யாரோ கைய விட்டுத் திருகுற மாதிரி இருக்கு." மூச்சு வாங்கினான். "செவலைக்கும் இப்படித்தான இருந்திருக்கும். நான் வேற வெரல விட்டு நோண்டிட்டேன்."

அதற்குப் பிறகு பேச்சு குழறிப்போயிற்று.

உச்சிப் பொழுதில் அவனுடைய அக்கா இருளாயி கிண்ணத்தில் பாலோடு வந்தாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். வாசலில் சனம் கூடிவிட்டது.

"தள்ளு மருதாயி. உசுரு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. பால் ஊத்தணும்."

"வேணாம் மதினி."

"என்னடி வேணாம்? எந்தம்பி நாக்கு வறண்டு சாகணுமா? போற எடத்துலயும் தாகத்தோட அலையணுமா?"

"ஒரு சொட்டுப் பாலுக்குக் கஞ்சம் புடிக்கிறாளே, இவளும் ஒரு பொம்பளையா!" என்றாள் அழகி பின்னாலிருந்து.

மருதாயி நிலைப்படியின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டாள்.

"தாகத்தோட போகட்டும் மதினி. பயந்துக்கிட்டுப் போக வேணாம்."

இருளாயி கையை ஓங்கிவிட்டாள். மறு கையிலிருந்த கிண்ணத்தில் பால் அலம்பியது. அந்தச் சின்னச் சத்தத்துக்கே உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. மருதாயியின் தோளுக்கு மேலாக இருளாயி எட்டிப் பார்த்தாள். தம்பியின் கழுத்து வில்லாக வளைந்து, கண்கள் அவள் கையிலிருந்ததையே பார்த்தபடி மிரண்டு போயிருந்தன.

ஓங்கிய கை இறங்கியது. கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். பாலை என்ன செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

பொழுது சாயுமுன் மூச்சு அடங்கிவிட்டது.

குளத்திலிருந்து தண்ணீர் வந்தது. முற்றத்தில் பலகையில் கிடத்தினார்கள். இருளாயி செம்பில் மொண்டு காலுக்கு ஊற்றினாள், மார்புக்கு ஊற்றினாள். முகத்துக்கு நேரே வந்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"ஊத்துங்க மதினி" என்றாள் மருதாயி.

தண்ணீர் நெற்றியில் விழுந்து, மூடிய இமைகள்மேல் பரவி, காதோரமாக மண்ணில் இறங்கியது. முகம் அசையவில்லை. உதட்டுப் பிளவில் மட்டும் கொஞ்சம் தேங்கி நின்றது.

துடைக்கக் கொடுத்த துணியை மருதாயி மடியில் வைத்துக்கொண்டு, அந்த உதட்டுத் தண்ணீரைத் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.