அழகுத்தாயின் காதில் ஓடும் தறி

செட்டியார்பட்டி அழகுத்தாய் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும், அவளுடைய இரண்டு காதிலிருந்தும் தறிச்சத்தம் வெளியே வந்துகொண்டிருந்தது. பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறி ஷெட்டில் பல வருஷம் நின்றவள். முதலில் தலையணை அதிர்ந்தது. பொறவு பக்கத்தில் வைத்த செம்புத் தண்ணீர் அலையடித்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து போய்விடுவதால் உட்கார இடத்துக்கு மட்டும் குறைவில்லை. ராஜபாளையத்து டாக்டர் காதில் அழுக்கு என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் குனிந்து பார்த்து, தன் காதைப் பொத்திக்கொண்டே, "உங்க உடம்புவாகு அப்படிம்மா" என்று சத்து மாத்திரை எழுதினார். முதலாளி சுந்தரபாண்டியன் அதையே பிடித்துக்கொண்டார். "ஒனக்கு மட்டும் வந்திருக்குன்னா அது ஒன் சீக்கு. மத்தவளுக நல்லாத்தான இருக்காளுக? இந்த மாசத்தோட நின்னுக்கோ."

ஷெட்டில் நின்ற மற்ற பெண்கள், பனி ஒத்துக்கொள்ளாது என்று முந்தானையைக் காதோடு சுற்றிக்கொண்டு போனார்கள். அழகுத்தாய் டிவியை அலறவிட்டுத்தான் மானத்தைக் காப்பாற்றினாள். அந்தத் தெருவில் எல்லா வீட்டு டிவியும் அலறியது. சீரியல் பைத்தியங்கள் என்று அவள் நினைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான், வேலையால் உடம்புக்கு வருவதை ஆராய்ச்சி செய்கிற முனீஸ்வரி, சத்தம் அளக்கிற மீட்டரோடு மதுரையிலிருந்து வந்தாள். என்ன சாப்பிடுவீங்க, எப்போ தூங்குவீங்க என்று கேள்விக்கு மேல் கேள்வி. அழகுத்தாய்க்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, வேலை போகப்போகுதுங்கேன், வெத்தலை போடுவீங்களான்னு கேக்கே. அளந்தா மட்டும் நின்னுருமா?"

"நிக்காதுக்கா. செத்த நேரம் டிவியை அமத்துங்க."

வீடு வீடாகப் போய் அதையே சொன்னாள். டிவிகள் அடங்க அடங்க, தெரு முழுக்கத் தறி ஓடியது. எதிர்வீட்டு வெள்ளத்தாய் முந்தானையை அவிழ்த்துவிட்டு அசடு வழிந்தாள். "இம்புட்டு நாளா என்னயப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனியேடி!" என்று அழகுத்தாய் வைத வசவில் மீட்டர் முள் ஒருதரம் எகிறி இறங்கியது, முனீஸ்வரி அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஷெட்டில் அதிக வருஷம் நின்றவள் காதில் அதிகச் சத்தம், ஷெட்டுப் பக்கமே போகாதவளுக்கு ஒன்றுமில்லை என்று அளந்து எழுதினாள். அதை எடுத்துக்கொண்டு அத்தனை பேரும் முதலாளியிடம் போனார்கள்.

"இப்பம் எல்லாரையும் நிப்பாட்டிருவியளா மொதலாளி?" என்றாள் அழகுத்தாய்.

அவர் அந்தக் கணக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு இது அப்பவே தெரியும்" என்றார். தறிகளுக்கு அடியில் ரப்பர் கட்டை வந்தது, காதுக்கு அடைப்பான் வந்தது, அழகுத்தாய் துணி மடிக்கிற இடத்துக்கு மாறினாள். புதிதாகச் சேர்ந்த பெண்களின் காது வெறும் காதாகவே இருக்கிறது. பழையவர்களுக்கு ஏறிய சத்தம் இறங்கவில்லை. இறங்காது என்று முனீஸ்வரி முதலிலேயே சொல்லிவிட்டாள். அதனால் கரண்டு போய் ஷெட்டு நின்றாலும் அந்தத் தெருவுக்கு விளங்குவதில்லை. ஃபேன் நின்று வேர்த்த பொறவுதான் எழுந்து விசிறியைத் தேடுகிறார்கள்.