சார்ந்தவர்

இடது கால் ஷூவின் நாடாவை மூன்றாவது முறையாக அவிழ்த்தான் தம்பி. கூடத்தில் அம்மாவின் உடலைத் தூக்கியிருந்த நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, திரும்பக் கீழே இறக்கி வைத்தார்கள்.

"நான் கட்டி விடறேன்டா," என்று அக்கா குனிந்தாள்.

கையைத் தட்டிவிட்டான். "நானே போடணும். நானே போட்டாத்தான் அம்மா கூட்டிட்டுப் போவாங்க."

அவனுக்கு முப்பத்தொன்பது வயது. விரல்கள் பிறந்ததிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்காதவை. ஷூ போடப் பழகினால் அக்கா இருக்கும் நாட்டுக்குப் போகலாம் என்று சொல்லிச் சொல்லி அம்மா ஒரு வருடமாக அவனைப் பழக்கியிருந்தாள். அக்கா அதைத் தொலைபேசியில் கேட்டதோடு சரி. நேற்று மாலைதான் வந்து இறங்கியிருந்தாள்.

"எவ்வளவு நேரம்மா?" வண்டி ஓட்டுபவர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "அங்க டைம் குடுத்திருக்காங்க."

"அஞ்சு நிமிஷம்ணே."

பதினொரு நிமிடம் ஆயிற்று. முடிச்சு நின்றதும் அவன் எழுந்து அம்மாவைப் பார்த்தான்.

"போட்டுட்டேன்," என்றான்.

நால்வரும் மறுபடி தூக்கினார்கள்.

வண்டிக்குள் உட்கார்ந்ததும் இடுப்புக்கு இருபுறமும் தடவித் தேடினான். "பெல்ட் எங்க?"

"பின்னாடி பெல்ட் கிடையாது தம்பி," என்றார் ஓட்டுபவர்.

"பெல்ட் போடாம எடுக்கக் கூடாது."

அக்கா தன் கையை அவன் வயிற்றுக்குக் குறுக்கே வைத்தாள். அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான். இறுக்கமாகத்தான் இருந்தது. வண்டி கிளம்பியது.

மயானத்தில் காத்திருக்கச் சொன்னார்கள். அக்கா சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியில் வக்கீலைக் கூப்பிட்டாள். அம்மாவையும் தம்பியையும் தன்னிடம் வரவழைக்க ஆறு வருடங்களுக்கு முன் அவர் மூலமாகத்தான் விண்ணப்பித்திருந்தாள். அடுத்த வியாழக்கிழமை இருவருக்கும் விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை. அங்கே படியில்லாத வீடாகப் பார்த்துக் குடி மாறி, கட்டில்கூடப் போட்டாயிற்று. தம்பியின் கட்டிலுக்கு மட்டும் பக்கத்தில் தடுப்பு.

"அம்மா எப்போ தவறினாங்க மேடம்?"

"முந்தாநாள் காலைல. தூக்கத்துலயே."

தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு பேசியது ஃபைலைப் படிக்கும் குரல். "விண்ணப்பதாரர் அம்மா. தம்பி அவங்களச் சார்ந்தவர். அம்மா இல்லாம அவருக்குத் தனியா விண்ணப்பம்னு ஒண்ணு இல்ல."

"நான் அவனோட அக்கா."

"அக்கா அந்த லிஸ்ட்ல வரமாட்டாங்க மேடம்."

"வேற எதுலயாவது?"

"பதினெட்டுக்குக் கீழன்னா ஒரு வழி உண்டு."

"அவனுக்கு மனசளவுல ஆறு வயசுதான் சார்."

"அந்த வயச அவங்க கேக்கறதில்ல."

"சும்மா சுத்திப் பாக்கன்னு கூட்டிட்டுப் போனா?"

"திரும்பி வர்றதுக்கு இங்க என்ன இருக்குன்னு கேப்பாங்க. வேல, குடும்பம், ஏதாவது. என்ன காட்டுவீங்க?"

அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க இங்க வந்து இருக்கறதுன்னா அதுக்கு யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க," என்றார் அவர். "அத நான் சொல்லக் கூடாது. உங்க பொண்ணு இந்த வருஷம் ஸ்கூல் முடிக்கிறாள்ல?"

"ம்."

"வியாழக்கிழமை வரமாட்டாங்கன்னு நான் எழுதிடணும் மேடம். நீங்க சொன்னப்புறம் எழுதறேன்."

பெஞ்சின் மறுமுனையில் தம்பி அலுவலக ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே ஒருவர் சீட்டைப் பார்த்து அம்மாவின் பெயரை வாசித்தார். அக்கா எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

"என் பேரு கூப்பிடல?"

"இல்லடா."

"அப்புறம் கூப்பிடுவாங்களா?"

அவள் கைபேசியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். கணவன் இரண்டு முறை செய்தி அனுப்பிக் கேட்டிருந்தான், வக்கீல் என்ன சொன்னார் என்று.

மாலையில் மேல்வீட்டு நர்ஸ் சாப்பாடு கொண்டுவந்தாள். வேலைக்குக் கிளம்பும் உடையிலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"ப்ளேன்ல தல சுத்துமான்னு தினம் என்னக் கேப்பாங்க உங்கம்மா. நான் டவுன் பஸ்ல ஏறினாலே வாந்தி எடுக்கறவ."

அக்கா சிரித்தாள். சிரித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தன நாள் லீவு?"

"ஒன்பது. ரெண்டு போயிடுச்சு."

நர்ஸ் குரலைத் தணித்தாள். "இவன மாதிரி இருக்கறவங்களுக்குன்னு ஒரு இல்லம் இருக்கு. என்கூட வேல செய்யறவளோட அண்ணன் அங்கதான் இருக்காரு. சுத்தமா வச்சிருக்காங்க. சனிக்கிழமை போய்ப் பாத்துட்டு வரலாமா?"

"அவன் முன்னாடி வேணாம்க்கா."

"நம்மளவிட அவனுக்கு நல்லாவே புரியும். அன்னைக்கு என் கதவத் தட்டினான் பாரு, அழக்கூட இல்ல. 'மணி பத்தாச்சு, அம்மா கேள்வி கேக்கல'ன்னான். உடனே ஓடி வந்தேன்."

"என்ன கேள்வி?"

"உன்கிட்ட சொல்லலியா?" நர்ஸ் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "விசா இன்டர்வியூவுக்குன்னு தினம் பத்து மணிக்குக் கேள்வி கேட்டுத் தயார் பண்ணினாங்க. இவன் தப்பாச் சொன்னா உங்கம்மா அதட்டறது மாடி வரைக்கும் கேக்கும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு அவன் தலை வாரிக்கொண்டு வந்தான். இரண்டு நாற்காலிகளை இழுத்து எதிரெதிரே போட்டு, ஒன்றில் உட்கார்ந்தான். அக்கா மற்றதில் உட்கார்ந்தாள். அவன் காத்திருந்தான். அவளுக்குக் கேள்விகள் தெரியவில்லை.

"மாறி உக்காரு," என்றான் கடைசியில்.

மாறி உட்கார்ந்தார்கள். அவன் முதுகை நிமிர்த்திக்கொண்டான்.

"பேரு?"

சொன்னாள்.

"பிறந்த தேதி?"

சொன்னாள்.

"எதுக்கு வந்திருக்கீங்க?"

"அம்மாவப் பாக்க."

அது சரியான பதில்தானா என்று யோசித்துவிட்டுத் தலையாட்டினான்.

"இனிமே யாரோட இருக்கப் போறீங்க?"

மேல்வீட்டில் யாரோ குழாயைத் திறந்தார்கள். சுவருக்குள் தண்ணீர் இறங்கி ஓடியது, நின்றது. அவன் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்திருந்தான். அவசரம் எதுவும் இல்லை. பிறகு கொஞ்சம் முன்னால் சாய்ந்தான்.

"சத்தமாச் சொல்லணும்," என்றான்.