தள்ளி நிற்கும் இடம்

மருமகள் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து மாமனாரின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள். மில்லுக்காரம்மா முக்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலின் இடப்பக்கம் உட்கார்ந்ததுதான் தாமதம், போர்வைக்கு மேல் கிடந்த கணவரின் கை எழுந்துவிட்டது. மணிக்கட்டு மடங்கி, விரல்கள் வெளிப்பக்கமாக இரண்டு முறை வீசின. அவள் சட்டென்று எழுந்து சுவரோரம் போய் அலமாரியை ஒட்டி நின்றாள். கை தணிந்து போர்வையில் விழுந்தது.

"காலையிலேருந்து இதே கதைதான்," என்றார் கண்டக்டர்.

அவர் நோயாளியின் தம்பி. பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும், ஓர் அறையில் நாலு பேர் கூடினால் "வழியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்று ஆரம்பித்துவிடுவார். இன்று காலை நர்ஸம்மாவையும் அப்படித்தான் உள்ளே அனுப்பினார். அந்த அம்மாள் நாடி பார்த்துவிட்டு, இன்றைக்குத் தாண்டாது என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"நான் உக்காந்தா பேசாம இருக்காரு. மருமகப் பொண்ணு உக்காந்தா பேசாம இருக்காரு. உங்களைக் கண்டா மட்டும் விரட்டுறாரு அண்ணி. மனசுல என்னமோ இருக்கு."

"பேசாமத்தான் இருப்பாரு. பேச்சுதான் போயிடுச்சே," என்றாள் மில்லுக்காரம்மா.

மகனுக்கு அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அம்மாவைச் சமையலறைக்குக் கூட்டிப்போனான். வெளியூரில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன், தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இரண்டு நாளாகத் தூங்காத கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அம்மா, உங்க ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் சண்டையா?"

"சண்டை போடாத நாளு எது?"

"அது இல்லம்மா. பெரிய சண்டை. எங்களுக்குத் தெரியாம."

"அது விரட்டுற கை இல்லடா. தள்ளி நிக்கச் சொல்றாரு."

"அதைத்தானம்மா நானும் சொல்றேன்!"

இவனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மெஷின் சத்தம் ஆகாது என்று சின்ன வயதிலிருந்தே பாட்டி வீட்டுக்கும் விடுதிக்கும் ஓடினவன். அவள் அடுப்பை அணைத்தாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை, சும்மா எரிந்துகொண்டிருந்தது.

அவர்களுடைய மில்லுக்குக் கட்டடம் கிடையாது. வண்டிக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற மெஷின் அது. யார் வீட்டிலாவது மரம் சாய்ந்தால் போன் வரும். அங்கேயே கொண்டுபோய் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, மட்டம் பார்த்து, மரத்தை உருட்டி ஏற்றிக் கவ்வியால் இறுக்கி, பலகை பலகையாக அறுத்துக் கொடுத்துவிட்டு வருவார்கள். எஞ்சின் பக்கம் அவர், பலகை வாங்கும் பக்கம் அவள். இரண்டு சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை பிளேடின் இரைச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. காதுக்கு மூடி வேறு. ஆகவே புருஷனும் பெண்டாட்டியும் வாயால் பேசியதைவிடக் கையால் பேசியதுதான் அதிகம். வாய் வலிக்காத குடும்பம் என்று கண்டக்டர் கேலி செய்வதுண்டு.

முஷ்டியை உயர்த்தினால் நிறுத்து. உள்ளங்கையைக் கவிழ்த்தால் மெதுவாக. மணிக்கட்டை மடக்கி இரண்டு முறை வெளியே வீசினால், பிளேடின் நேர்க்கோட்டில் நிற்கிறாய், தள்ளி நில் என்று அர்த்தம். பிளேடு அறுந்தால் அந்தக் கோட்டில்தான் பாயும்.

ஒரு தடவை பாய்ந்தும் இருக்கிறது. யாரோ ஒரு வீட்டுக்காரர் துணிக்கொடி கட்ட எந்தக் காலத்திலோ அடித்த ஆணி, மேலே பட்டை மூடி மரத்துக்குள்ளேயே புதைந்து கிடந்தது. தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், தெரியவில்லை. அறுக்கும்போது சத்தம் மாறியது அவர் காதுக்கு மட்டும் கேட்டது. கை வீசியது. ஏன் என்று கேட்காமல் அவள் நகர்ந்தாள். மறு நொடியில் பிளேடு அறுந்து, அவள் நின்றிருந்த இடத்து மரத்தூளில் போய்ச் சுருண்டு விழுந்தது. அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து, சந்தையில் காய் வாங்குகிறவர் போல அவளுடைய கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முழுசாத்தான் இருக்கு, விடுங்க," என்று அவள் சொன்னாள். அவர் வெகு நேரம் விடவில்லை.

அந்தக் கையைத்தான் மனஸ்தாபம் என்கிறார்கள். அவருடைய நெஞ்சுக்குள் இப்போது மூச்சு கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. காலையில் இருந்ததைவிடச் சத்தம் மாறிவிட்டது. அந்தச் சத்தம் அவர் காதில் அறுபடப் போகிற பிளேடாகத்தான் கேட்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தெரிந்து என்ன செய்ய? போவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. வாழ்க்கை முழுக்க அந்தக் கை காட்டினால் நகர்ந்திருக்கிறாள். இன்றைக்கு நகர மனம் வரவில்லை.

மறுபடி போய் உட்கார்ந்தாள். மறுபடி கை எழுந்தது. இந்த முறை அவள் எழுந்திருக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முக்காலியிலேயே இருந்தாள். கை வீசிற்று, இன்னும் வேகமாக வீசிற்று. அவர் கண் அகன்றது. கழுத்து நரம்பு புடைத்து மூச்சு இரைக்கத் தொடங்கியது.

"அத்தை," என்று மருமகள் அழாத குறையாகச் சொன்னாள், "நீங்க கிட்ட வந்தாலே மூச்சு ரொம்ப வாங்குது. தப்பா நினைச்சுக்காதீங்க. கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா?"

தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. அந்தப் பெண் சொன்னது சரிதான். ஆனாலும் சொந்தப் புருஷன் சாகிற நேரத்தில் வெளியே போகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு எழுந்து நடப்பது லேசான காரியமா? வாசலைத் தாண்டும்போது அவளுக்குக் கண் தெரியவில்லை.

தகரக் கொட்டகைக்குக் கீழே மெஷின் நின்றது. பக்கத்துத் தெரு வீட்டுக்காரர் இங்கேயே கொண்டுவந்து போட்ட மரம் பாதி அறுத்தபடி அதன் மேல் கிடந்தது. வேறு மெஷினில் அறுத்துக்கொள்ளும்படி ஆள் போய்ச் சொல்லியும் அந்த மனிதர், "பலகை எங்க போயிடப் போவுது, முதல்ல அவரைப் பாருங்க," என்று விட்டுவிட்டார். நல்லவர். அந்த மரத்தை அறுத்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் புருஷனுக்கு வாய் கோணியது. வலது கை தொங்கிப்போயிற்று. இடது கையால் எஞ்சினை நிறுத்தி, பிளேடு நிற்கும்வரை காத்திருந்து, சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் சரிந்து உட்கார்ந்தார். உடனே படுத்திருக்க வேண்டாமா என்று டாக்டர்கூடக் கோபித்துக்கொண்டார். டாக்டருக்கு என்ன தெரியும்? ஓடுகிற மெஷினை விட்டுவிட்டு இந்த மனுஷன் சாமியே கூப்பிட்டாலும் வரமாட்டார்.

சாவி.

மரப்பட்டையோ சிம்புத் துண்டோ பிளேடுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் அவள்தான் கைவிட்டு எடுப்பாள், விரல் மெலிசு என்பதால். அதற்கு அவர்களுக்குள் ஒரு முறை உண்டு. எஞ்சினை நிறுத்துவார். நிறுத்திய பிறகும் பிளேடு கொஞ்ச நேரம் சும்மா ஓடும். அது முழுசாக நிற்கிறவரை ஒருவரும் கிட்டே போகக்கூடாது. நின்றதும் சாவியை உருவி அவள் கையில் கொடுப்பார். பிளேடுக்குக் கிட்டே யார் கை போகிறதோ சாவி அவர் கையில் இருக்க வேண்டும். வேலை முடிந்து அவள் வெளியே வந்து, சாவியைத் திருப்பிக் கொடுத்து, தள்ளிப் போய் நின்று கட்டைவிரலைக் காட்டினால்தான் அவர் எஞ்சினைத் தொடுவார். வெயிலில் வீட்டுக்காரர் நின்று முனகினாலும் சரி, மழை வந்தாலும் சரி. "நானு வெறும் டிரைவர்தான். உத்தரவு கொடுக்கிறது சூப்பர்வைசரம்மா," என்று அவளைக் காட்டிச் சிரிப்பார்.

பின்வாசல் வழியாக உள்ளே போனாள். இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பியபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை படுக்கையறைக் கட்டிலுக்கடியில் போட்டபடியே கிடந்தது. அவசரத்தில் கத்தரித்துக் கழற்றிய சட்டை, மரத்தூள் ஒட்டிய வேட்டி, ஒரு பென்சில். சட்டைப்பையில் சாவி இருந்தது. தூளில் விழுந்தால் தெரிய வேண்டும் என்று அவள் கட்டிவிட்ட சிவப்புத் துணியும் இருந்தது.

அவர் படுத்திருந்த முன்னறைக்குள் நுழைந்ததும் கண்டக்டர் தடுக்க வந்தார். "அண்ணி, வேண்டாம்..."

"வழியில நிக்காதீங்க," என்றாள் அவள். அவருக்கு அது புரிகிற பேச்சுதான். ஒதுங்கிக்கொண்டார்.

அவள் கட்டிலருகே வந்தாள். கை எழுந்தது. அது வீசுவதற்குள் சாவியை அவர் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"இந்தாங்க, பாருங்க. சாவி என் கையில இருக்கு. எஞ்சின் நின்னாச்சு. பயப்படாதீங்க."

அவர் பார்த்தார். சாவியைப் பார்த்தார், சிவப்புத் துணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எழுந்த கை அந்தரத்தில் நின்று, பிறகு மெல்ல இறங்கியது. இறங்கிய கையை அவள் பிடித்துக்கொண்டாள். முக்காலியில் உட்கார்ந்தாள். ஒருவரும் அவளை எழுப்பவில்லை.

மகன் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "இதுவாம்மா?" என்று மட்டும் கேட்டான்.

"இதுதான்டா."

அவன் வந்து அவள் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டான். சத்தம் பிடிக்காமல் ஓடிப்போன பிள்ளை அப்பாவின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டபடி வெகு நேரம் அங்கேயே இருந்தான்.

மத்தியானம் போய் வெயில் சாய்ந்தது. மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. தழும்பேறிய கட்டைவிரலைத் தடவிக்கொடுத்தாள். அறுபடாமல் மீதியிருக்கும் மரத்தைப் பற்றி, அவர் திட்டித் தீர்த்த பழைய கொக்கியைப் பற்றி அவர் காதில் என்னென்னவோ சொன்னாள். அவர் உயிர் மட்டும் அல்லாடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் தோள் தூக்கிப் போட்டது.

"யாருக்கோ காத்துக்கிட்டு இருக்காரு," என்றார் கண்டக்டர். உடனே போன்கள் வெளியே வந்தன. அத்தை மகள் பேசினாள், பழைய சிநேகிதர் பேசினார், ஒருவர் மாற்றி ஒருவராக அவர் காதில் போனை வைத்தார்கள். பாதி அறுத்த மரத்துக்குச் சொந்தக்காரரே வந்து, "அண்ணே, மரத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். மூச்சு அப்படியேதான் இழுத்தது.

"இன்னும் யாரு பாக்கி?" என்று கண்டக்டர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

மில்லுக்காரம்மாவின் இன்னொரு கையில் சாவி இருந்தது. புருஷனின் கண் அதன் மேலேயே இருந்தது. எத்தனை நேரமாக இருக்கிறது? மழையிலும் வெயிலிலும் எஞ்சினருகே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருப்பாரே, அவசரமில்லை, நீ வெளியே வா என்று, அதே பார்வை. அவள் கிட்டே இருக்கிறவரை இந்த மனுஷன் ஒன்றையும் தொடமாட்டார்.

இன்னும் கொஞ்ச நேரம் என்று அவளுக்குத் தோன்றியது. ராத்திரி வரைக்கும், காலை வரைக்கும். தோள் மறுபடி தூக்கிப் போட்டது. தொண்டைக்குள் ஏதோ கிழிவது போலக் கேட்டது. இனி ஒரு நிமிஷம் இவரைக் காக்கவைத்தாலும் அது தன்னுடைய ஆசைக்காகத்தான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

அவர் உள்ளங்கையைத் திருப்பிச் சாவியை வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"வேலை முடிஞ்சுதுங்க," என்றாள். "நான் வெளிய வந்துட்டேன்."

எழுந்து போய் அலமாரியை ஒட்டி நின்றாள். கட்டைவிரலை உயர்த்தி, அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி காட்டினாள்.

அவர் பார்த்தார். பிறகு பார்வை அவளை விட்டுக் கூரைக்குப் போயிற்று. மூச்சு ஒன்று வந்தது. வெகு நேரம் கழித்து இன்னொன்று.

"அத்தை!" என்று மருமகள் பதறினாள். "கிட்ட வாங்க! சீக்கிரம் வாங்க!"

"இரு," என்றாள் மில்லுக்காரம்மா. "இன்னும் நிக்கல."

மகன் தரையிலிருந்து எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டான். இருவரும் காத்திருந்தார்கள். ஒரு சின்ன இழுப்பு. அதைவிடச் சின்னதாக ஒன்று. அதற்குப் பிறகு தெருவில் போகிற சைக்கிள் மணி கேட்டது, சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. அவள் இன்னும் சற்று நின்றாள்.

பிறகு போய் முக்காலியைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தள்ளி நிற்கச் சொல்லிக் கை எழவில்லை.